ஆடு மேய்ந்த ராகி

காந்தலூர்
18–6–1956

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி காளிச்சாமியின் வணக்கம்.

இவ்விடம் நான் சுகம். மலைக்குளிர் மட்டும்தான் இந்த மூன்றாம் வருஷத்திலும் பழகவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? செவலை கன்று போட்டதா?

நிற்க. மழை பிடித்ததும் ராகி விதைத்துவிட்டேன். நிலம் குருவம்மாள் என்ற அம்மாளுடையது. சாப்பாடும் அவர்கள் வீட்டில்தான். "கயிறு கட்டி அளந்து அளந்து கேப்பை வெதைக்கிற ஆளை ஒங்களைத்தான் பாக்கேன் தம்பி" என்று ஊரைக் கூட்டிக் காட்டினார்கள். கேப்பை என்று இவர்கள் சொல்வது நம் ராகியைத்தான்.

இந்தப் படிப்பு முடிந்தால் என்ன ஆவாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ராகிக்குக் கதிர் வாங்கும்போது கழுத்து கருகி ஒடிகிற நோய் உங்களுக்குத் தெரியாததல்ல. எந்த ராகி அதற்குத் தப்பும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பல ஊர் விதைகளைப் போட்டுப் பார்த்ததில் ஒரே ஒரு வகை இரண்டு வருஷமாகத் தப்பி நிற்கிறது. இந்த வருஷமும் நின்றால் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிடுவேன். டாக்டர் பட்டம் வந்தால் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகத்துக்கு வழி இருக்கிறது என்கிறார் பேராசிரியர். பட்டம் இல்லாவிட்டால் அந்த வாசலில் நிற்கவும் முடியாது. உதவித்தொகையும் இந்த அறுவடையோடு நிற்கிறது. இந்த ஒரு போகத்தை நம்பித்தான் இருக்கிறேன் அக்கா.

வயலில் நான் செய்கிற மற்ற கூத்துகளை எழுதினால் சிரிப்பீர்கள். நேரில் சொல்கிறேன்.

தங்கள் தம்பி,
காளிச்சாமி


எருத்தேன்பதி
3–7–1956

தம்பி காளிச்சாமிக்கு அக்கா செல்லாத்தாள் எழுதுவது.

இங்கே நானும் மாடுகளும் சுகம். செவலை கிடாரிக்கன்று போட்டது. உன்னைப் போலவே பிறந்த நாள் முதலாய் என் பேச்சைக் கேட்பதில்லை. முழங்கால் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது.

உன் கடிதத்தைப் பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பெருமையாகத்தான் படித்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஏனுங்கம்மிணி, ராகிக்கு வைத்தியம் பாக்கறதுக்கா தம்பி இத்தன வருசம் படிக்கறாப்ல?" என்றார். கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். சித்தூர் காலேஜில் பாட்டனி டெமான்ஸ்டிரேட்டர் வேலை காலியாக இருக்கிறதாம். நிரந்தரம், பென்ஷன் உண்டு. நவம்பரில் கேரளம் என்று புது ராஜ்யம் வருகிறது, அதற்கு முன்னால் வேலையில் ஏறினவனுக்குத்தான் நிம்மதி, பிறகு மலையாளத்தில் பரீட்சை வைப்பார்கள் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். மெய்யோ பொய்யோ, அபேட்சை மனுவைப் போட்டு வை. உன்னோடு படித்தவர்கள் பிள்ளைகளுக்குக் காதே குத்தியாயிற்று. நீ இன்னும் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்கிறாய்.

நான் தாலியை அறுத்துக்கொண்டு இந்த ஊட்டுக்குத் திரும்பி வந்தபோது நீ அரை டிராயர் போட்ட பையன். நம்மைப் பெற்ற ஐயன் போன பிறகு பண்ணையத்தைத் தனியாகத்தான் இழுக்கிறேன். மாட்டுக்குக்கூட ஜோடி உண்டு, எனக்கு இல்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கம்பளியைப் போர்த்துக்கொண்டு தூங்கு. உடனே பதில் போடு.

அக்கா


காந்தலூர்
26–8–1956

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கன்றுக்கு என் பெயரை வைத்துவிடாதீர்கள்.

அபேட்சை போடவில்லை. கோபிக்காதீர்கள். சித்தூரில் ஏறிவிட்டால் ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்கு இலையை வெட்டிக் காட்டிக்கொண்டு இருப்பேன். பாதியில் விட்ட ஆய்வைத் திரும்பப் போய் முடித்தவரை நான் பார்த்ததில்லை. "உனக்கு ஒன்றும் பைத்தியம் இல்லை" என்று என்னிடம் சொல்கிறவன் மரியஜோசப் ஒருவன்தான். என்னோடு சென்னையில் ஆராய்ச்சி செய்கிறவன். அவனுக்கும் இதே பைத்தியம்.

எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பட்டமும் இல்லாமல், வேலையும் இல்லாமல், முப்பது வயதில் உங்கள் முன்னால் வந்து நிற்க நேருமோ என்ற பயம் எந்நேரமும் உண்டு. ஆனால் பயிர் நான் எதிர்பார்த்தபடியே வந்துகொண்டிருக்கிறது. செப்டம்பர் நடுவில் பேராசிரியரைப் பார்க்கச் சென்னை போகிறேன். திரும்பி வந்ததும் கதிர்களை வரிசை வரிசையாகப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும், அதோடு வயல்வேலை முடிந்தது. அதுவரை ஆடு மாடு நுழையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் ஜோடி விஷயம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அன்றைக்கு வயலுக்கே போகவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் அக்கா.

தம்பி


எருத்தேன்பதி
28–9–1956

தம்பிக்கு,

நான் சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். எங்கிருந்து என்று கேட்கிறாயா? உன் ஊரிலிருந்துதான்!

சொல்லாமல் வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரலாம் என்று எள்ளுருண்டை பிடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நீ சென்னைக்குப் போகிற தேதி எனக்கு மறந்துபோயிற்று. உடுமலைப்பேட்டையில் பஸ் ஏறி, சின்னாறுக் காட்டில் ஆனை மறித்ததென்று காத்துக் கிடந்து, மறையூரில் இறங்கி, காய்கறி ஜீப்பில் மூட்டையோடு மூட்டையாக வந்து சேர்ந்தால் ஆள் இல்லை. குருவம்மாள் தங்கமான மனுஷி. வெந்நீர் போட்டுக் கொடுத்துக் காலைப் பிடித்துவிட்டாள்.

காலையில் உன் வயலைப் பார்த்தேன். வரப்போரம் சுற்றிலும் கருகல். உள்ளே நாலு வரிசை பயிர், ஒரு வரிசை கருகல், மறுபடி நாலு வரிசை, மறுபடி கருகல். நீ கயிறு பிடித்து விதைத்தாய் சரி, நோயும் கயிறு பிடித்துக்கொண்டா வரும்? எந்தப் பாவி கண் பட்டதோ என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயிர் நல்லபடியாக இருக்கிறது என்று நீ எழுதியது எனக்குத் தைரியம் சொல்லத்தான் என்று அப்போதுதான் விளங்கிற்று.

ஐயன் என்ன சொல்லுவார்? "வயலுக்குப் போனவ சும்மா திரும்பப்படாது, ஒரு களையாச்சும் புடுங்கிப்போட்டு வரோணும்." கருகலை நிற்கவிட்டால் பக்கத்து வயல்காரன் வயிற்றில் அடித்த மாதிரி. நம் குடும்பத்துக்கு அந்தப் பேர் வேண்டாம். குருவம்மாள், "ஆடு மாட்டைத்தான் பாத்துக்கச் சொன்னாரு தம்பி, அக்கா நீங்க களை எடுத்தா நான் என்ன சொல்லப் போறேன்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும், கூட நாலு பெண்களுமாக, பொழுது சாய்வதற்குள் கருகல் அத்தனையும் வேரோடு பிடுங்கிவிட்டோம். உள்வரிசைகளிலும் கழுத்து கறுத்ததை ஒன்று விடாமல் எடுத்தாயிற்று. ஓடைக்கரையில் குவித்துக் கொளுத்தினோம். முழங்கால் கெஞ்சியது, நான் விடவில்லை.

இப்போது போய்ப் பார், கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிற்கிறது. உன் பேராசிரியரே வந்தாலும் தலைகுனிய வேண்டாம். உன் படிப்புக்கு நான் வேறென்ன ஒத்தாசை செய்ய முடியும் சாமி? இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை.

எள்ளுருண்டை தூக்குப்போசியில் இருக்கிறது. எறும்பு ஏறுவதற்குள் தின்றுவிடு.

அக்கா


காந்தலூர்
20–10–1956

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம்.

எள்ளுருண்டை கிடைத்தது. அவ்வளவு தூரம் வந்து சிரமப்பட்டுவிட்டீர்கள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கவும்.

சித்தூர் வேலைக்கு எழுதிப் போட்டேன். உடனே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் சேர்ந்துவிடுவேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

இங்கே மழை விட்டுவிட்டது.

தம்பி


எருத்தேன்பதி
26–10–1956

என் ராசாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டேன். குப்பண்ணன் வீட்டுக்கு ஒரு குண்டான் நிறையக் கொடுத்தேன். இனிமேல் அவர் வைத்தியம் கியித்தியம் என்று வாய் திறக்கட்டும், பார்க்கிறேன்.

நான் தலைகீழாக நின்று சொன்னபோது கேட்காதவன் இப்போது எப்படி மனசு மாறினாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை. போகட்டும், நல்ல புத்தி எப்போது வந்தால் என்ன? வயலைச் சுத்தம் செய்து கொடுத்ததற்கு ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ. ஆம்பளைகளுக்கு நன்றி சொல்ல நாக்கு எழும்பாது, எனக்குத் தெரியாதா?

தீபாவளிக்குத் தவறாமல் வந்துவிடு. மேற்கே ஒரு நல்ல பெண் இருக்கிறது.

அக்கா


சித்தூர்
30–1–1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தீபாவளிக்கும் வர முடியவில்லை, பொங்கலுக்கும் வர முடியவில்லை. காலேஜில் வேலை அதிகம்.

வண்டிக்காரரிடம் என் டிரங்குப் பெட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அறையில் இடம் இல்லை. அதில் ராகிப் பொட்டணங்கள் இருக்கின்றன. எனக்கு இனி வேண்டாம். கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

பெண் விஷயம் இப்போது வேண்டாம்.

காளிச்சாமி


சென்னை
2–4–1957

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

மரியஜோசப் எழுதுகிறேன். நாம் நேரில் பார்த்ததில்லை. காளிச்சாமியோடு ஒரே அறையில் இருந்தவன். உங்கள் எள்ளுருண்டையில் எனக்கும் பங்கு வந்ததுண்டு. நீங்கள் சுகம்தானே?

காளி என் கடிதம் எதற்கும் பதில் போடுவதில்லை. அதனால் உங்களைத் தொந்தரவு செய்கிறேன். போன வருஷம் காந்தலூர் வயலில் ஆடு புகுந்து கருகல் வரிசைகளை மேய்ந்துவிட்டது, ஆய்வு போயிற்று என்று எழுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டான். எங்களுக்கு நம்பவே முடியவில்லை. சுற்றிலும் நோய்ப்பயிரை அவன்தான் விதைத்தான். சீக்கிரம் நோய் பிடிக்கிற ரகத்தை ஓரத்திலும் நாலு வரிசைக்கு ஒரு வரிசையாகவும் போட்டு, நோயை வளர்த்து, அதன் நடுவில் எது தாக்குப்பிடிக்கிறது என்று எண்ணுவதுதான் சோதனையே. நோய் இல்லாத வயலில் தப்பித்த பயிருக்கு என்ன மதிப்பு? அந்தக் கருகல் வரிசைகளை மட்டும் பொறுக்கி மேய்ந்த ஆட்டை நாங்கள் இன்றுவரை பேசிப் பேசி ஆச்சரியப்படுகிறோம். இதையெல்லாம் அவன் உங்களிடம் இதற்குள் சொல்லியிருப்பான். "நோயை விதைச்சு வளர்க்கிறேன்னு பண்ணையக்காரக் குடும்பத்துல எப்படிடா சொல்றது" என்று வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தான்.

பேராசிரியர் அவன் பெயரை இன்னும் அடிக்கவில்லை. இந்த வருஷக் கடைசிக்குள் மூன்றாம் போகத்துக் கணக்கு எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். அந்த ஆராய்ச்சி நிலைய உத்தியோகம் அதுவரை காத்திருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. இங்கே நாங்கள் எல்லாருமே ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றுதான் நிற்கிறோம். ஆனால் எங்களில் கெட்டிக்காரன் அவன். விதைகளை வைத்திருக்கிறானா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள,
மரியஜோசப்


எருத்தேன்பதி
9–4–1957

மரியஜோசப்புத் தம்பிக்கு,

சுகம் விசாரித்திருந்தாய். சுகம் இல்லை.

ஆடு ஒன்றும் மேயவில்லை தம்பி. அந்த ஆடு நான்தான். என் இரண்டு கையாலும் பிடுங்கி, நெருப்பு வைத்து, நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு வந்தேன். பாராட்டி எழுதவில்லையே என்று அவனுக்குக் கடிதம் வேறு போட்டேன். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்திருப்பேன். வெளியூர்க்காரர்களிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஆட்டின் தலையில் போட்டிருக்கிறான். உன் கடிதத்தைப் படித்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொட்டணங்களைக் கோழிக்குப் போடச் சொல்லியிருந்தான். விதைத் தானியத்தைக் கோழிக்குப் போட எனக்குக் கை வரவில்லை. வேப்பிலை போட்டுப் பானையில் கட்டி வைத்திருக்கிறேன். பொட்டணத்தின் மேல் நம்பர் போட்டிருக்கிறது. எந்த நம்பரை எங்கே விதைப்பது, நோய் பிடிக்கிற ரகம் எது, எத்தனை வரிசைக்கு ஒன்று, எல்லாம் விவரமாக எழுது. ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்குச் சொல்கிற மாதிரி எழுது.

அவனிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. முளைக்காமல் போனால் அவன் இன்னொரு தரம் சாக வேண்டாம்.

செல்லாத்தாள்


சித்தூர்
25–8–1957

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எருத்தேன்பதிப் பையன் ஒருவன் என் வகுப்பில் படிக்கிறான். நம் ரோட்டோரக் காட்டில் ராகி சரியில்லை, செல்லாத்தாள் அக்கா களைகூட எடுக்காமல் போட்டுவிட்டது, ஊரே சிரிக்கிறது என்றான். நீங்கள் அப்படி விடுகிறவர் இல்லையே. உடம்புக்கு ஏதாவதா? முழங்கால் மோசமாகிவிட்டதா? ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

காளிச்சாமி


எருத்தேன்பதி
20–9–1957

தம்பி,

சித்தூருக்கும் இந்த ஊருக்கும் ஒரே பஸ். இத்தனை மாதமாகக் கடிதம்தான் வருகிறது, நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். மரியஜோசப் எழுதிவிட்டான், ஏப்ரலிலேயே.

உன் பொட்டணங்களைக் கோழி தின்னவில்லை. ரோட்டோரக் காட்டில் கயிறு பிடித்து விதைத்திருக்கிறேன். ஓரத்தில் நோய் ரகம், உள்ளே நாலு வரிசைக்கு ஒரு வரிசை, அவன் எழுதியது எழுதியபடி. களை எடுத்தால் கையோடு கையாக வேறு ஏதாவது பிடுங்கிவிடுவேனோ என்று பயந்து களையையும் விட்டுவிட்டேன். சந்தைக்குப் போகிறவன் எல்லாம் வண்டியை நிறுத்தி, "ஏனுங்கக்கா, காட்டை வித்துப்போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். ஐயன் பேரைச் சொல்லி ஒருத்தன் கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, நோய் வரவில்லை. மழை வந்து வந்து ஏமாற்றிற்று. மாரியம்மன் கோயிலில் போய், தாயே என் காட்டுக்கு நோயைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். எங்கேயாவது ஒரு பண்ணையக்காரி இப்படி வேண்டியிருப்பாளா? பூசாரி என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போன வாரம் சாரல் பிடித்தது. இன்றைக்கு விடிகாலையில் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் கழுத்து கறுத்துவிட்டது தம்பி. கதிர் ஒடிந்து தொங்குகிறது. உள்வரிசைகளிலும் இறங்கிவிட்டது. நடுவில் உன் ஒரு வகை மட்டும் இன்னும் பச்சையாக நிற்கிறது. நாளைக்கு நிற்குமா என்று எனக்குத் தெரியாது, அதை நீதான் பார்க்க வேண்டும்.

குப்பண்ணன் சண்டைக்கு வந்துவிட்டார். "உங்க நோவு எங்கூட்டுப் பயிருக்கு ஏறுச்சுன்னா நான் யாரைக் கேக்கறதுங்க?" என்றார். நியாயம்தானே. அவருக்குச் சேதம் ஆனால் என் கிணற்றடி விளைச்சலை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். சண்டை போட்டவர் போகும்போது, "தம்பியை வரச்சொல்லுங்கம்மிணி" என்றுவிட்டுப் போனார்.

பட்டம் வருமோ வராதோ, அந்த உத்தியோகம் இன்னும் இருக்குமோ இருக்காதோ. எல்லாம் கூடி வந்தால் நீ மறுபடி எங்கேயோ போய்விடுவாய். நான் மறுபடி ஒற்றை மாடுதான். அது தெரிந்துதான் விதைத்தேன்.

இந்தக் கடிதத்தை எழுதுகிற நேரத்தில்கூடக் கை அங்கேயே போகிறது. கருகலைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பி எனக்குப் பழக்கம் இல்லை. வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். சீக்கிரம் வா.

அக்கா


சித்தூர்
23–9–1957

அக்கா,

நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கார்டு முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது.

நான் வர்ற வரைக்கும் ஒண்ணையும் தொட்டுடாதீங்க.

காளி